தண்ணீருக்கு வந்த கோழிச் சீக்கு

வெள்ளைக் கோட்டை மாட்டியதும் சிலருக்குத் தலைக்கனம் ஏறிவிடும். எனக்கு ஏறியது கொஞ்ச நஞ்சமல்ல. கால்நடை ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் திருவொற்றியூர் வீட்டு மொட்டைமாடியில் அம்மாவின் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் தடுப்பு மருந்தைக் கண்ணில் சொட்டு விட்டேன். (பக்கத்து மாடிக்காரர்கள் பார்க்க வேண்டாமா?) அதே கோட்டோடு நேரே வேலைக்கும் போனேன்.

அன்றைக்குப் பரிசோதனைக்கு வந்தவை காஜா பாய் கடைக் கோழிகளின் மாதிரிகள். தண்டையார்பேட்டையில் கறிக்கடை; எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவர் கையில்தான். லோடு வண்டியில் வந்த கோழிகள் சில செத்துக் கிடக்க, பறவைக் காய்ச்சல் என்று வதந்தி கிளம்பி, ஷட்டர் இறங்கிவிட்டது.

"பாப்பா, ஒரே பேஜாரா பூச்சு. உன் மெஷின்லதான் என் பொழப்பே கீது" என்றார்.

"கவலைய வுடுங்க பாய். வைரஸ் எங்க ஒளிஞ்சிகினு இருந்தாலும் புடிச்சிருவேன்" என்றேன்.

பிடித்தேன். இல்லாத இடத்திலும் பிடித்தேன்.

கோழித் தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்த மாதிரியில் வைரஸ் துளியூண்டு இருந்தாலும் பிசிஆர் கருவி பெருக்கிக் காட்டிவிடும். பறவைக் காய்ச்சல் இல்லை. ஆனால் வெள்ளைக் கழிச்சலுக்குத் திரையில் எல்லாக் குழாயின் கோடும் ஜிவ்வென்று மேலே ஏறியது. "மேடம், எல்லாமே பாசிட்டிவ்!" என்று கட்டடமே அதிரக் கத்தினேன்.

ஆய்வகத் தலைவியான மேடம் வந்து திரையைப் பார்த்தார். "கடைசிக் குழாய்ல என்ன வச்ச?"

"வெறும் தண்ணி மேடம். சரிபார்க்க வைக்கிறது..."

"அப்ப தண்ணிக்கும் கழிச்சலா?"

அடுத்து என் கோட்டுக் கையைப் பார்த்தார். தடுப்பு மருந்தின் நீலக் கறை. அந்த மருந்தே உயிருள்ள வைரஸ்தான்; என் கையிலிருந்து குழாய்க்குக் குழாய் தொற்றியிருக்கிறது. போதாக்குறைக்கு முழங்கையில் அம்மா கோழியின் இறகு ஒன்று. எண்ணூர் முகத்துவாரத்தில் போய் விழலாமா என்றிருந்தது.

மறுநாள் வேறு கோட்டு, புது மாதிரிகள். திரையில் ஒரு கோடுகூடத் தலை தூக்கவில்லை, தண்ணீரும் குணமாகிவிட்டது! துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி வரிசையில் உச்சி வெயிலில் மாட்டிக்கொண்ட வண்டியில் கோழிகள் வெந்து செத்திருக்கின்றன, அவ்வளவுதான். முடிவோடு நானே கடைக்கு ஓடினேன். தெருவே கூடி நிற்க, காஜா பாய் ஷட்டரை ஏற்றினார். "கெலிச்சிட்ட பாப்பா!" என்று அவர் போட்ட சத்தத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் நீலக் கறைக் கதையை நானே அவரிடம் உளறிவிட்டேன். பிறகு நடந்த என் கல்யாணத்தில் பிரியாணி அவர் பொறுப்பு. பந்தியில் மாப்பிள்ளை தண்ணீர் டம்ளரைத் தூக்கியதும் காஜா பாய் ஓடிவந்து தடுத்தார்:

"இரு மாப்ள, பொண்ணு டெஸ்ட் பண்ணிச்சா?"

இன்றுவரை என் கணவர் கேட்காமல் குடிப்பதில்லை.