டீ வாங்கிக் கொடுத்தவர் எழுதுவது

சௌடேஸ்வரி அம்மன் துணை

அருப்புக்கோட்டை

என் மதிப்புக்கும் வயிற்றெரிச்சலுக்கும் உரிய மைத்துனர் சௌந்தருக்கு, உன் அக்காள் தங்கம்மாளின் கணவன் சௌடையா எழுதிக்கொள்வது. இங்கே என் ரத்த அழுத்தம் நீங்கலாக எல்லோரும் நலம். உன் நலத்தைச் செவ்வாய்க்கிழமை யூடியூபில் பார்த்துக்கொண்டேன். வீட்டுப் பாஷையான கன்னடத்தில் எழுதினால் வசவு கூடிவிடும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

மகன் அசோக் போனைக் கொண்டுவந்து காட்டினான். 1967-இல் நம் ‘டவுன் பாய்ஸ்’ குழு வெளியிட்ட ‘நில்லேன், கொஞ்சம் நில்லேன்’ பாட்டு எப்படிப் பிறந்தது என்று பேட்டி எடுக்கிற பெண் உன்னிடம் கேட்டது. நீ கண்ணை மூடிக்கொண்டு, மெரினா கடற்கரையில் அலையை நோக்கி நடந்துபோன ஒரு பெண்ணைப் பார்த்துப் பத்தே நிமிடத்தில் எழுதியதாகச் சொன்னாய். ஏலே, அந்தப் பாட்டு பிறந்த இடத்திலிருந்து கடலுக்குப் போக ரெண்டு பஸ்ஸு மாறணும். நரிக்குடிக் கல்யாணத்தில் வாசித்துவிட்டு பஸ்ஸில் திரும்பினோம். திருச்சுழி தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. நீ கருவேல மரத்துப் பக்கம் ஒதுங்கினாய். டிரைவர் தண்ணீர் ஊற்றிக் கிளப்பிவிட்டார். நீ ஒரு கையில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, டிரைவரை அல்ல, பஸ்ஸைப் பார்த்து ‘நில்லேன், கொஞ்சம் நில்லேன்’ என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாய். கத்தியது நீ. அதைப் பாட்டு என்று கேட்டது நான். உன் செருப்புச் சத்தம் தாளம் தப்பாமல் விழுந்தது. மடியில் இருந்த கித்தாரில் மெட்டைப் பிடித்துவிட்டேன். வண்டியை நிறுத்த விசில் அடிக்கப் போன கண்டக்டர் கையைப் பிடித்து, “அண்ணே, இன்னும் ரெண்டு வரி ஓடட்டும்” என்று கெஞ்சியவனும் நான்தான். ஊர் வருவதற்குள் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் சரணம் முடிந்திருந்தது.

பாட்டின் தொடக்கத்தில் வரும் மூச்சிரைப்பு காதல் தோல்வியால் வந்ததாம். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டது. மெட்ராஸ் ஸ்டுடியோவில் ஏழு தடவை பாடியும் நீ பல்லவியைத் தாலாட்டு மாதிரி இழுத்தாய். நேரம் முடியப்போகிறது என்று இன்ஜினியர் கடிகாரத்தைக் காட்டினார். நான் உன்னை வெளியே கூட்டிப்போய் வளாகத்தை நான்கு சுற்று ஓடவைத்து, அப்படியே மைக் முன்னால் தள்ளினேன். எட்டாவது தடவை ஓகே ஆனது. உனக்குக் காதலும் இல்லை, தோல்வியும் இல்லை. வெயில்தான் இருந்தது. இசைத்தட்டில் போட, பாட்டு எழுதியவர் பேரை இன்ஜினியர் கேட்டபோது உனக்குச் சோடா வாங்கப் போயிருந்தேன். நீ உன் பேரை மட்டும் சொன்னாய். அதைக்கூட நான் பொறுத்தேன். ஆனா செவ்வாய்க்கிழமை என்ன சொன்னே? “சொந்தக்காரர் ஒருத்தர் கூட வருவாரு, டீ வாங்கிக் குடுப்பாரு”ன்னு சொன்னே. ஐம்பத்தேழு வருசமா உன் அக்காவுக்காக வாயை மூடிக்கிட்டு இருந்தவனுக்கு நீ கொடுத்த பட்டம் அது. இனி மறுபேட்டி கொடுத்து உண்மையைச் சொல்லாமல் என் வாசலை மிதிக்காதே.

அம்மன் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். உண்மையைச் சொல்ல உனக்கு அவகாசம் வேண்டுமே. பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
சௌடையா

பி.கு.: கவரை ஒட்டும்போது அந்தச் சானல் பெண்ணே கேமராவோடு வந்துவிட்டது. பாட்டை எழுதியது யார் என்று என்னிடமும் கேட்டது. இத்தனை வருசத்தில் யாரும் கேட்காத கேள்வி. பதில் மொத்தமும் தொண்டைக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து அது உன் பேட்டியைப் போட்டுக் காட்டியது. சட்டை தொளதொளவென்று தொங்க, ரொம்ப மெலிந்துபோய் உட்கார்ந்திருக்கிறாய். முதல் தடவை கோபத்தில் இதை நான் கவனிக்கவில்லை. “சௌந்தர்தாம்மா எழுதுனான். நான் டீ வாங்கிக் குடுப்பேன்” என்று என் வாயே சொல்லிவிட்டது. என் பேட்டி ஞாயிற்றுக்கிழமை வருகிறதாம். உன் அக்கா அதிலிருந்து என்னோடு பேசவில்லை. அந்தப் பெண் போன பிறகு பாடிப் பார்த்தேன், ரெண்டாவது சரணம் எனக்கு ஞாபகம் வரவில்லை. நீ கிளம்பி வா.