சம்மணம் போட்ட வயலின்

எழுபத்தெட்டாம் வருஷத் தவக்காலத்தில் மற்றவர்கள் இறைச்சியை விட்டார்கள். நான் வயலினைப் பிடித்தேன். முறைப்படி கற்பது என்று தீர்மானித்து, சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு மாடி அறையில் பாடம் சொல்லும் வடிவேலு மாஸ்டரிடம் சேர்ந்தேன்.

எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டில் காற்று வருவது ஜன்னல் மூலையில் மட்டும்தான். அங்கே என் மனைவி உர்சுலாவின் தையல் மிஷின் இருந்தது. கலைக்காக அதைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டுப் பாய் விரித்தேன். சம்மணம் போட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றிச் சரளி வரிசை வாசித்தேன். அந்த வரிசை நகரவே இல்லை.

"பாட்டு எப்பங்க வரும்?" என்றாள் உர்சுலா.

"அஸ்திவாரம் போடறப்ப மாடி எங்கேன்னு கேக்கக் கூடாது."

"ஹவுசிங் போர்டுக்காரங்க இதுக்குள்ள ஒரு பிளாக்கே கட்டியிருப்பாங்க லா. பக்கத்து வீட்டு ரவூப் ஒரு தடவை கேட்டாலே வாசிச்சிடறாரு."

ரவூப் மலாய்க் கல்யாணங்களில் ஜோகெட் ஆட்டத்துக்கு நின்றபடியே வயலின் வாசிப்பவர். ஸ்வரம் என்றால் கிலோ என்ன விலை என்பார்.

"அது வெறும் கேள்வி ஞானம். முறை கிடையாது."

"சரி, மாதா திருவிழாவுல வாசிங்க. வாசிச்சா மூலை உங்களுக்கே. இல்லேன்னா என் மிஷின் திரும்ப வரும்."

சம்மதித்தேன். அன்றிலிருந்து அவள் சாயங்காலமானால் ரவூப் மனைவி ஜரீனாவிடம் மிளகாய்ச் சம்பல் அரைக்கக் கற்கப் போனாள். சம்பல் மட்டும் வீட்டுக்கு வந்தபாடில்லை. நான் கவனிக்கவில்லை. மாஸ்டரிடம் கெஞ்சி வாங்கிய ஒரே மாதா பாட்டில் மூழ்கியிருந்தேன்.

திருவிழா மாலை கோயிலுக்குப் போய், பீடத்துக்குப் பக்கத்தில் பாய் விரித்தேன். உர்சுலா வந்து நின்றாள். மாதர் சங்கத்தில் நிகழ்ச்சி ஏற்பாடெல்லாம் அவள் கையில்.

"இங்க எதுக்குங்க பாய்? உங்க பாட்டு ஊர்வலத்துல. மாதா முன்னாடி நடந்துக்கிட்டே வாசிக்கணும்."

"நடந்துக்கிட்டா?"

"பின்னே, மாதா உங்களுக்காக உக்காருவாங்களா?"

வாசலில் மாதா சுரூபத்தைத் தூக்கியவர்கள் காத்திருந்தார்கள். "சிலுவைராஜ், ஆரம்பிங்க," என்றார் சாமியார். வயலினைத் தோளில் வைத்தேன். நழுவியது. அதைப் பிடித்தேன். வில் விழுந்தது. ஜனங்கள் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"குடுங்க," என்றாள் உர்சுலா.

வயலினை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, ரவூப் நிற்பதுபோலவே நின்று, வில்லை இழுத்தபடி நடக்க ஆரம்பித்தாள். அவள் தினமும் சமையலறையிலிருந்து கேட்ட என் அதே பாட்டு. கூட்டம் முழுக்கச் சேர்ந்து பாடியது. ஓரிடத்தில் ஸ்வரம் தப்பியது. சொல்ல வாயைத் திறந்தேன், பாட்டுத்தான் வந்தது. கண் கலங்கிவிட்டது. பக்தியா பொறாமையா என்று சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொன்னதில்லை. சுருட்டிய பாயைச் சுமந்துகொண்டு கடைசி ஆளாக நடந்தேன்.

மறுநாளே மிஷின் மூலைக்குத் திரும்பியது. அதன்மேல் வயலின் ஏறியது. அவள் வாசித்து முடித்த பிறகு எனக்குக் கிடைக்கும். என் பாய்க்குச் சமையலறைதான் மிச்சம். அங்கே சம்மணம் போட்டு வில்லை எடுத்தேன். உர்சுலா ஒரு தட்டுச் சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து என் மடிக்கு நேராக வைத்தாள்.

"எப்படியும் கீழதானே உக்காந்திருக்கீங்க. இதை முறைப்படி உரிச்சுக் குடுங்க."