பேசியது பீர்தான், மச்சான்

குவோப்பியோ,
ஜூன் மாதம், புதன்கிழமை.

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் அவுலிஸ் அவர்களுக்கு,

தங்கள் தங்கை கணவன் ரெய்யோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் முழங்காலும் அவரவர் வழியில் நலம். அங்கு ஈசல்மியில் தாங்களும் தங்கள் படகும் வலையும் நலமாயிருப்பதாக நானாகவே வைத்துக்கொள்கிறேன். போனை எடுத்தால்தானே நிஜ நிலவரம் தெரியும்? போன வாரம் முழுக்க அடித்துப் பார்த்துவிட்டேன். மணி அடிக்கிறது, எடுப்பார் இல்லை. அதனால்தான் கடிதம். இத்தனை வருஷம் உன்னை 'நீ' என்றே கூப்பிட்டுவிட்டு இப்போது 'தாங்கள்' போடுவது கைக்கே கூச்சமாக இருக்கிறது, ஆகவே மரியாதையை இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

விஷயம் உனக்குத் தெரியும். அன்றைக்குப் பல்கலைக்கழகத்தில் நான் பேசியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. பேசியது நானில்லை மச்சான், பீர். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் எப்படி நடந்தது என்று உனக்கு நினைவில்லாமல் போயிருந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன், ஏனென்றால் நீயும் மூன்று குவளை குடித்திருந்தாய்.

உன்னை இழுத்துக்கொண்டு போனது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். நூலகத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்: அறுபது தாண்டியவர்கள் குடித்தால் நடையும் பேச்சும் எப்படி மாறுகின்றன என்று ஆராய்ச்சி, ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்த இரண்டு பேராக வர வேண்டும். எனக்கு நன்றாகத் தெரிந்தவர்களில் இன்னும் நடமாடுவது நீ ஒருவன்தான். போனில் கேட்டதுமே நீ சந்தேகப்பட்டாய். "இந்த நாட்டுல ஓசியில குடிக்கக் கூப்பிடறாங்கன்னா அதுல ஏதோ வில்லங்கம் இருக்கு மாப்பிள்ளை." நான்தான், "பீரும் குடுத்து, சாண்ட்விச்சும் குடுத்து, அதுக்கு ஆராய்ச்சின்னு கௌரவமா ஒரு பேரும் குடுக்கறாங்க. வேற எங்கய்யா கிடைக்கும்?" என்றேன். நீ கேட்டது நியாயம். அப்போதே விட்டிருக்க வேண்டும்.

அந்த அறை ஞாபகமிருக்கிறதா? பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயே ஒரு பொய் மதுக்கூடம். மர மேடை, மங்கல் விளக்கு, சுவரில் பெரிய கண்ணாடி. அதற்குப் பின்னால் ஆட்கள் உட்கார்ந்து நம்மைப் பார்க்கிறார்கள் என்று நீ கண்டுபிடித்து, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாய். வில்மா என்ற அந்த ஆராய்ச்சிப் பெண் பெரிய குவளைகளில் கொண்டுவந்து வைத்தாள். முதல் குவளை முடியும்வரை மீன் பேசினோம். இரண்டாவதில் எனக்குக் காது சூடேறியது. மூன்றாவதில் நாக்கு வாய்க்குள் அடங்க மறுத்தது. தரையில் ஒட்டியிருந்த கோட்டின் மேல் நடக்கச் சொன்னாள். நான் நடந்த நடையில் மேலங்கி மாட்டும் கட்டை சாய்ந்தது, விழுந்த கட்டையிடம் மன்னிப்பு வேறு கேட்டேன். நீ சிரித்தாய். உன் தங்கை மைரே போனபிறகு நீ அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அத்தோடு வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை.

அப்புறம் அவள் ஓர் அட்டையைக் கொடுத்தாள். 'நீங்கள் இருவரும் சேர்ந்து கழித்த ஒரு நல்ல நாளைப் பற்றிப் பேசுங்கள்.' எத்தனை நாள் இருக்கிறது பேச! படகு கவிழ்ந்த நாள், நீராவிக் குளியலுக்கு மூட்டிய சவுனா அடுப்பு புகைந்து தீயணைப்பு வண்டி வந்த நாள். நான் என்ன கேட்டேன்? "நல்ல நாளு கெடக்கட்டும். மைரே ஆஸ்பத்திரியில கெடந்த கடைசி வாரங்கள்ல நீ ஏன் ஒரு நாள்கூட வரலை? பூ அனுப்பினே. பூ! அவளுக்குப் பூவைக் கண்டா தும்மல் வரும்னு கூடப் பொறந்தவனுக்குத் தெரியாதா?" நீ குவளையைக் கீழே வைத்தாய். "வந்தேன் மாப்பிள்ளை. கார் நிறுத்தற இடம் வரைக்கும் வந்தேன். எறங்க முடியலை" என்றாய். அதற்கு நான் சொன்னது இருக்கிறதே, அதை எழுதவே கை கூசுகிறது. "பார்க்கிங்ல நின்னுட்டுப் போறதுக்கு நீ என்ன டாக்ஸியா?" என்றேன்.

நீ தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனாய். சாண்ட்விச்சைத் தொடக்கூட இல்லை. நானும் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். எனக்குப் பின்னால் அந்தப் பெண். "சார், இன்னும் முடியலை, ரெண்டு பேரும் உக்காருங்க, கடைசியா ஒரு விளக்கம் சொல்லணும்!" என்று கெஞ்சினாள். "குடியைப் பத்தி எனக்கா விளக்கம்? முப்பது வருஷம் அரசு மதுக்கடையில நின்னவன்மா நான்!" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த முப்பது வருஷ அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன், அன்றைக்கு நான் இருந்தது முழுப் போதையில். இதில் என் சாட்சியத்தை நீ நம்பலாம். கடையில் போதையோடு வருபவனுக்கு விற்கக்கூடாது என்பது சட்டம், வாசலிலேயே ஆளை எடைபோடுவது என் வேலை. காலைப் பார்ப்பேன், கண்ணைப் பார்ப்பேன், வணக்கம் சொல்லும்போது எந்த எழுத்து வழுக்குகிறது என்று கேட்பேன். ஒரே ஒரு தடவைதான் தவறியது. பல் பிடுங்கி வாய் மரத்துப்போய் வந்த பாதிரியாரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மற்றபடி என் கண் பிசகியதில்லை. அப்படிப்பட்ட நான், பஸ்ஸில் ஏறும்போதே ஓட்டுநரிடம், "தம்பி, நான் நல்ல போதையில இருக்கேன், ஏத்தறதும் ஏத்தாததும் உங்க இஷ்டம்" என்று முறைப்படி அறிவித்தேன். அவன், "உக்காருங்க பெரியவரே, உங்களைவிட மோசமானவங்களை காலையிலயே ஏத்திட்டேன்" என்றான். இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டுத் துறைமுகம் வரை போனேன். திரும்பி நடந்து வந்து, பக்கத்து வீட்டுக் கதவில் என் சாவியை நுழைத்துப் பார்த்து, திறக்கவில்லை என்று கதவைத் திட்டி, கடைசியில் பூட்ஸோடு படுத்தேன். மறுநாள் தலைவலி என்றால் அப்படி ஒரு தலைவலி. ஊறுகாய் மீனும் கறுப்புக் காபியும் உள்ளே போன பிறகுதான் ஜன்னல் திரையை விலக்கவே முடிந்தது. தலை நிமிர்ந்ததும் முதல் வேலையாக வீட்டிலிருந்த அத்தனை புட்டியையும் தொட்டியில் கவிழ்த்தேன். ஓய்வு பெற்றபோது கடையில் கொடுத்த கோன்யாக் உட்பட. வாசனை பிடித்து வந்த பக்கத்து வீட்டு பிர்க்கோ, "ரெய்யோ, உங்க குழாய்க்கு என்ன பொறந்தநாளா?" என்று கேட்டாள். இனிமேல் ஒரு சொட்டு கிடையாது மச்சான். நல்ல மனுஷன் வாயிலிருந்து இப்படியெல்லாம் வரவழைக்கிற சனியன் எனக்கு வேண்டாம்.

நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு, அது உனக்கும் தெரியும். குடியில் பேசியதை விடிந்தபின் யாரும் எடுப்பதில்லை. என் அறுபதாவது பிறந்தநாளில் நீ என் படகைக் குளிக்கிற தொட்டி என்றாய், நான் ஒன்றும் சொல்லவில்லை. என் கல்யாணத்தன்று உன் அப்பா எழுந்து நின்று, இந்தப் பையன் என் பெண்ணுக்கு லாயக்கில்லை என்று சபையில் அறிவித்தார். மறுநாள் காலை நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடித்தோம். அவர் நினைத்ததைத்தான் சொன்னார் என்று இருவருக்குமே தெரியும், ஆனால் காபி நன்றாயிருந்தது. அந்தச் சலுகையைத்தான் இப்போது உன்னிடம் கேட்கிறேன். நீ சொன்னதையும் நான் அப்படியேதான் எடுத்துக்கொண்டேன், கவலைப்படாதே. கார் நிறுத்துமிடம் வரை வந்தேன் என்றதெல்லாம் மூன்றாவது குவளை சொன்னது. நான் அதை நம்பவில்லை, அதனால் உனக்குச் சங்கடமே வேண்டாம்.

நடுக்கோடைத் திருநாள் நெருங்கிவிட்டது. ஏரிக்கரைக் குடில் உங்கள் அப்பா அம்மாவுடையது, சாவி என்னிடம் இருக்கிறது, படகு உன்னிடம் இருக்கிறது. நீ வராமல் நான் அங்கே போய் என்ன செய்வேன்? சவுனாவைத் தனியாகச் சூடேற்றி, வழக்கப்படி பிர்ச் மர இலைக்கொத்தால் எனக்கு நானே முதுகில் அடித்துக்கொள்ள முடியுமா? மைரே இருந்தவரை மூன்று பேர், அப்புறம் இரண்டு பேர். ஒருவனாகப் போக எனக்கு மனமில்லை. உண்மையைச் சொன்னால், பயமாக இருக்கிறது. வா. சாசேஜ் நான் வாங்கிவிடுகிறேன். குடிக்க எலுமிச்சைச் சாறுதான், மேலே சொன்ன காரணத்தால்.

உன் வலை கனக்கட்டும், முட்டிவலி இறங்கட்டும், கொசு இந்த வருஷம் உன்னை விட்டுவிட்டு என்னைக் கடிக்கட்டும். உன் வீட்டு நாய்க்கு என் அன்பு.

பழையபடியே உன் மாப்பிள்ளை,
ரெய்யோ

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், அழைப்பு மணி அடித்தது. வாசலில் அந்த வில்மா. "சார், அன்னிக்கு நீங்க பாதியில போயிட்டீங்க. கடைசியில சொல்ல வேண்டியதைச் சொல்லாம விடக்கூடாது, அது எங்க விதி. போன் பண்ணா நீங்க எடுக்கவே இல்லை" என்றாள். (உனக்கே அடித்துக்கொண்டிருந்தால் எப்படி எடுப்பது?) "உங்களுக்குக் குடுத்தது ஆல்கஹால் இல்லாத பீர் சார். வாசனைக்குக் குவளை விளிம்புல மட்டும் கொஞ்சம் தடவியிருந்தோம். குடிச்சிருக்கோம்னு நம்பினா மனுஷங்க எப்படி மாறறாங்கன்னு பாக்கறதுதான் ஆராய்ச்சியே." "மூணு குவளையுமா?" என்றேன். "மூணும் சார்." "மறுநாள் எனக்குத் தலைவலிம்மா!" "அப்படியா! அதையும் எழுதிக்கட்டுமா?" என்றாள். உனக்குக் கொடுத்தது எது என்று கேட்டேன். அதை உன்னிடம் மட்டும்தான் சொல்வார்களாம். அடுத்த வாரம் அங்கே வருகிறாள், கதவையாவது திற.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். கேட்டது நான்தான் மச்சான். மூன்று வருஷமாக உன்னிடம் கேட்க நினைத்து, தைரியமில்லாமல் இருந்தேன். டாக்ஸி என்று சொன்னதற்கு மட்டும், எந்த பீரின் மேலும் பழி போடாமல், மன்னிப்புக் கேட்கிறேன். அது தப்பு, பெரிய தப்பு.

வில்மா கிளம்பிப் போனதிலிருந்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறேன். என்னுடையது வெறும் தண்ணீர் என்றால், உன்னுடையதும் அப்படித்தான் இருந்திருக்குமோ என்று தோன்றுகிறது. கடைசிக்கு முந்தின வாரம் ஒரு நாள், ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில், கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தச் சொன்னாள் மைரே. "ரெய்யோ, அண்ணன் வந்திருக்கான் பாரு. கீழ கார்லயே உக்காந்திருக்கான்" என்றாள். அன்று காலைதான் வலி மருந்தைக் கூட்டியிருந்தார்கள். மருந்து பேசுகிறது என்று நினைத்து, "சரிம்மா, தூங்கு" என்றேன். எழுந்து போய் எட்டிப் பார்க்கவில்லை. அவள் தூங்கவில்லை. ரொம்ப நேரம் ஜன்னலுக்கு வெளியே கையாட்டிக்கொண்டிருந்தாள்.

நீ அதைப் பார்த்தாயா, மச்சான்?