நாற்பத்தோராவது புரோட்டீன்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலேயே ரொட்டி சானாய் என்ற பரோட்டாவைச் சாப்பிடத் தெரியாத ஒரே ஆள் எங்கள் ‘புரோட்டீன்’தான். தட்டு வந்ததும் பிய்க்க மாட்டான், பிரிப்பான். பிறகு மடித்து, முறுக்கி, “புரோட்டீன் இப்படித்தாண்ணே மடியும்” என்று என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டுவான். கடைக்காரப் பாய் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்: “தம்பி, சாப்பிடுறீங்களா, தைக்கிறீங்களா?”

ஜொகூர் பாருவில் நானும் அவனும் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். நான் தொழிற்சாலை சூப்பர்வைசர். அவனுக்குப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை. நோய் எதிர்ப்புச் செல்களின் மேலுள்ள ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்ளும் புதுப் புரோட்டீன்களைக் கணினியில் வடிவமைப்பான். தெருவில் இது யாருக்குப் புரியும்? எதிர்வீட்டு ஜிம் மாஸ்டர் வந்து, “சாக்லேட் ஃபிளேவர் இருக்கா லா?” என்று பவுடர் டப்பா கேட்டார். அன்று விழுந்த பெயர் அது. அவனுடைய குச்சி உடம்பைப் பார்த்த பிறகும் கேட்டாரே, அதுதான் ஆச்சரியம்.

அவன் அக்கா தேவி குளுவாங்கில் அம்மாவோடு இருந்தார். அவருக்கு லூப்பஸ். உடம்பைக் காக்க வேண்டிய செல்களே உடம்பைத் தாக்கும் நோய். அந்தச் செல்களின் ஏற்பியை அடைத்து அவற்றை அடக்கத்தான் இவன் ஆயிரக்கணக்கில் வடிவம் போட்டான். தேறியவற்றை மட்டும் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்ப்பார்கள். அப்படி நாற்பது செய்து பார்த்தும், திரையில் அழகாக ஒட்டியது எதுவும் சோதனையில் ஒட்டவில்லை.

சனிக்கிழமைதோறும் குளுவாங் போவான். சில நாள் நானும் போவேன். வாசலிலேயே அக்கா கேட்பார்.

“ஒட்டுச்சாடா?”

“இல்லக்கா.”

“அலமாக்! பேசாம கம் வாங்கித் தடவுடா.”

சிரித்து முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கும்.

பிறகு சிறுநீரகமும் கெட்டது. அக்கா போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது அவனுக்குப் போன் வந்தது. கேட்டுவிட்டு, சாம்பார் வாளியோடு அப்படியே நின்றான்.

“நாப்பத்தொண்ணாவது ஒட்டிக்கிச்சுண்ணே.”

பக்கத்தில் இருந்த அவன் அம்மா நிமிர்ந்து பார்த்தார். “ஒரு மாசம் முந்தி ஒட்டியிருந்தா அவ பொழைச்சிருப்பாளா?”

“இல்லம்மா. இது மருந்தாக இன்னும் எத்தனையோ வருசம் ஆகும்.”

“அது அவளுக்குத் தெரியுமா?”

“மொத நாளே சொல்லிட்டேன்.”

“அப்புறம் ஏண்டா வாராவாரம் கேட்டா?”

“நான் விட்டுடக் கூடாதுன்னுதாம்மா.”

அம்மா அவன் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டார். அதன் பிறகுதான் அவன் அழுதான்.

திரும்பும்போது காரை நான் ஓட்டினேன். சிம்பாங் ரெங்கத்தில் நெடுஞ்சாலை ஏறுவதற்குள் அவன் தூங்கிவிட்டான். எத்தனை நாள் தூக்கமோ. வீடு வரைக்கும் இடது ஓரமாகவே, லாரிகளுக்குப் பின்னால், மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தேன். யாரும் ஹாரன் அடித்துவிடக் கூடாதே என்பது மட்டுமே என் கவலை.