ஃபாக்ஸ்-பி-3 மாநாடும் பள்ளிபாளையம் சிக்கனும்

மனிதகுலம் புற்றுநோயை வென்ற வரலாற்றை யாராவது எழுதினால், ராசிபுரம் பக்கத்திலுள்ள எங்கள் தனியார் கல்லூரிக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியே ஆகவேண்டும். 'மனிதப் புற்றுநோய்களில் ஃபாக்ஸ்-பி-3 புரதத்தின் பங்கு' என்று உலக மாநாடே நடத்தியவர்கள் நாங்கள். உலகத்தின் சார்பில் மலேசியாவிலிருந்து ஒருவர் கணினித் திரையில் வந்தார். வரவேற்புக் குழுச் செயலாளர் என்ற முறையில் இதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

ஏற்பாடுகள் தொடங்கிய வாரம், விடுதியில் சமைக்கும் பூவாத்தாள், மாநாட்டு அலுவலக அறையின் வாசலில் வந்து நின்றார். உள்ளே மாநாட்டுத் தலைவர் பேராசிரியர் நந்தகுமாரும் நானும், பேனரில் யார் படம் பெரிதாக இருக்க வேண்டும் என்று 'ஆராய்ந்துகொண்டிருந்தோம்'.

"ஏனுங்க சார், மாருல ஒரு கட்டி தட்டுப்படுதுங்க. சேலத்துக்குப் போய்க் காட்டோணும். ரெண்டு நாள் லீவு வேணுங்க."

நந்தகுமார் பதறிப்போனார். "லீவா? மாநாடு வருதும்மா! வலிக்குதா?"

"வலி இல்லீங்க."

"அப்புறமென்ன! கொஞ்சம் பொறுங்க, அவசரப்படாதீங்க."

"ஊட்டுல புள்ள பயப்படுதுங்க..."

"பயம் எதுக்கு? இங்க நாங்க எல்லாருமே புற்றுநோய் ஆளுங்கதானே!"

இந்த விஞ்ஞான ஆறுதலை வாங்கிக்கொண்டு அவர் சமையல்கட்டுக்குத் திரும்பினார். தலைமை விருந்தினருக்குத் தேதி ஒத்துவராமல் மாநாடு தள்ளிப்போனது. லீவும் கூடவே தள்ளிப்போனது. மறுபடியும் கேட்டார். மாநாடு மறுபடியும் தள்ளிப்போனது.

ஒருவழியாக அந்தப் பொன்னாள் வந்தது. நந்தகுமார் பாமரருக்கும் புரியும்படி விளக்கினார்: "நோய் எதிர்ப்புச் செல்கள் உடம்புக்குள்ள போலீஸ் மாதிரி. அதுல ஒரு வகைச் செல்லுக்கு ஃபாக்ஸ்-பி-3ங்கிற புரதம்தான் மேலதிகாரி. எந்த மரபணு வேலை செய்யணும், எது சும்மா கிடக்கணும்னு உத்தரவு போடும். அந்தச் செல்லு போலீசைப் பார்த்து, 'பொறுங்க, அவசரப்படாதீங்க'ன்னு அடக்கிவைக்கும். அந்த நேரத்துல கட்டி ஜம்முனு வளர்ந்துடும்!"

முதலில் கைதட்டியது நான்தான்.

தலைமை விருந்தினர் ஒன்றரை மணிநேரம் தாமதமாக வந்து, 'தாமதமே முதல் எதிரி' என்று முழங்கினார். 'ஃபாக்ஸ்-பி-3 சில புற்றுநோய்களில் கெடுதல் செய்கிறது, சிலவற்றில் நல்லதும் செய்கிறது, மேலும் ஆய்வு தேவை' என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பூவாத்தாள் ஆக்கிய பள்ளிபாளையம் சிக்கனை எல்லாரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். மலேசியக்காரர் மட்டும் திரையிலிருந்து ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் பூவாத்தாளுக்கு லீவு 'வழங்கப்பட்டது'. சேலத்துக்குக் கூடப் போன அவர் மகள் பிரபா வந்துதான் சொன்னாள். கட்டியைத் தொட்டுப் பார்த்ததுமே டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டதாம்.

"ஏம்மா, இத்தனை மாசமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"புத்துநோயை ஒழிக்கறவங்களுக்குச் சோறாக்கிட்டு இருந்தேனுங்க, சாமி."