கம்பத்தில் ஏறிய மனைவி

லுவாங் சதுரங்கக் குதிரையைத் தூக்கிய நேரம் பார்த்துப் போன் அடித்தது. சைகோனிலிருந்து அவன் மனைவி தோவா.

"படம் பார்த்தேன். உங்களைக் காணோமே?"

காபிக்கடை வலையூஞ்சலிலிருந்து அவன் விழாத குறை. "வரப்போரமா... நிழல்ல ஒதுங்கினேன்" என்று உளறிக்கொண்டே வயலுக்கு ஓடினான்.

போன போகம் அவன் இதே கடையில் ராஜாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தபோது, நத்தைகள் நாற்றை ஒட்ட மேய்ந்துவிட்டன. அதனால்தான் தோவா செருப்புத் தொழிற்சாலைக்குப் போக வேண்டியதாயிற்று. இந்தப் போகம் வேளாண் நிலையத்தார் வரப்பில் கம்பம் நட்டுக் கேமரா மாட்டினார்கள். பயிர் பச்சை கட்டுவதிலிருந்து பழுப்பதுவரை மணிக்கொரு படம். அது தன் போனுக்கும் வருகிறது என்று தோவா சொன்னதிலிருந்து லுவாங்குக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மறுநாள் வைக்கோல் பொம்மை ஒன்று செய்து, தன் சட்டையை மாட்டி, ஓலைத் தொப்பி கவிழ்த்து, கேமராவுக்கு எதிரே நட்டுவிட்டுக் கடைக்குப் போனான். முதல் காயை நகர்த்துவதற்குள் போன்.

"இன்னிக்கும் படம் பார்த்தேன்" என்றாள்.

"என்ன பார்த்தே?"

"நீங்களே சொல்லுங்க."

அவனால் தாங்க முடியவில்லை. "வெறும் பொம்மைதான். என் சட்டையை மாட்டி நட்டேன். புத்தி கெட்டுப் பண்ணிட்டேன்."

"அதுக்குச் சட்டை வேற."

அடுத்த நாள் கம்பத்தில் ஏறிக் கேமராவுக்கு வாழையிலையைச் சுற்றினான். அன்று போனே வரவில்லை. அது அதைவிட மோசமாக இருந்தது. மூன்று ஆட்டமும் தோற்றான்.

"உன் ராஜா வயலுக்கா போயிட்டான்?" என்றான் எதிரே இருந்த ஃபுவோக்.

லுவாங் தானே மனைவியைக் கூப்பிட்டான். "இலையை எடுத்துடறேன்."

"இப்பவாவது தோணிச்சே."

அதற்குப் பிறகு அவன் வயலை விட்டு நகரவில்லை. களை பறித்தான். நத்தை பொறுக்கி, கூடை நிறைந்தபோதெல்லாம் கேமராவுக்கு நேரே தூக்கிக் காட்டினான். பக்கத்து வயல்காரர்கள் அவன் கம்பத்தைக் கும்பிடுவதாக நினைத்து ஒதுங்கிப் போனார்கள். கதிர் முற்றித் தலை சாய்ந்தது. அப்படியொரு விளைச்சலை அந்த வயல் கண்டதில்லை.

அறுப்பு முடிந்த அன்று நிலையத்திலிருந்து திராம் என்ற பெண் கேமராவைக் கழற்ற ஏணியோடு வந்தாள்.

லுவாங் குரலைத் தாழ்த்தினான். "தங்கச்சி, அடுத்த போகம் மத்தியானத்துல ஒரு மணி நேரம் மட்டும் இதை நிறுத்தி வைம்மா. ஒரே ஒரு ஆட்டம். தோவாவுக்குத் தெரிய வேண்டாம்."

திராம் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"இது நடவு மழையிலயே செத்துப்போச்சுண்ணே. அப்பவே கழட்டறேன்னு போன் பண்ணினேன். அறுப்பு முடியறவரைக்கும் கம்பத்துலயே இருக்கட்டும்னு தோவாக்காதான் சொன்னாங்க."