எல்க் வேட்டைக்கு மாடி ஏறியவன்

விமானம் புறப்பட ஐந்து மணி நேரம் இருக்கும்போதே போய் நிற்கும் ஆள் நான். ஆயத்தமில்லாமல் காரியத்தைக் கெடுத்தவர்கள் ஏராளம். ஆயத்தம் செய்தே கெடுத்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

மகள் தர்ஷினி ஒரு நோர்வேக்காரப் பையனைக் கட்டப்போவதாகச் சொன்னபோது, ஆறு மாதம் அவளுக்கு முகம் கொடுக்காமல் இருந்தேன். (இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.) பிறகு மனம் இறங்கிச் சம்மதித்தேன். பையனின் தகப்பன் ஆர்னே அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. சொந்தக் காட்டில் சுட்ட எல்க் மானின் இறைச்சியைத்தான் கல்யாண விருந்தில் பரிமாறுவது அவர்கள் குடும்ப வழக்கமாம். வேட்டைக்கு என்னையும் வரச்சொல்லி போன் எடுத்தார். அந்த வருடம் அவருடைய காட்டில் ஒரேயொரு எல்க் சுடத்தான் அனுமதி. துவக்கு அவர் கையில் இருக்கும், நான் பக்கத்தில் சத்தமில்லாமல் இருந்தால் போதும்.

"மலைக்குப் போகிறோம்," என்றார். எனக்கு அது போதாதா? அமெரிக்க வேட்டைக்காரர் ஒருவரின் வீடியோவைத் தேடிப் பார்த்தேன். உயரத்தில் மூச்சு முட்டும், தலை சுற்றும், ஆறு வாரப் பயிற்சி இல்லாதவன் வீட்டில் இருப்பதே நல்லது என்றார் அவர். சம்பந்திக்கு முன்னால் மயங்கி விழுந்தால் என் மரியாதை என்ன ஆவது? ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் எங்கள் கட்டிடத்தின் பதின்மூன்று மாடிகளையும் பத்துக் கிலோ அரிசியை முதுகில் கட்டிக்கொண்டு ஆறு வாரம் தினமும் ஏறினேன். மூச்சு சீராக இருக்க மூன்று வேளையும் பச்சை உள்ளிப்பூண்டு தின்றேன்.

"இஞ்சருங்கோ, லிப்ட் வேலை செய்யுதுதானே? ஆக்கள் என்னட்டைக் கேக்கினம்," என்றாள் மனைவி.

"உயரத்துக்குப் பழகிறன்."

"இமயமலைக்கே போறியள்?"

வேட்டையன்று காலை நெஞ்சிலும் கழுத்திலும் மூக்கிலும் தைலத்தை அப்பிக்கொண்டு காரில் ஏறினேன். ஆர்னேவுக்குக் கடும் தடிமன், மூக்கு அடைத்திருந்தது. அதனால் அவருக்கு ஒன்றும் மணக்கவில்லை.

கார் நின்ற இடத்தில் ஊசியிலை மரங்களும் சதுப்பு நிலமும்தான் இருந்தன. மலை எப்போது வரும் என்று கேட்டேன். இதுதான் என்றார். போனில் பார்த்தேன், முந்நூற்று நாற்பது மீற்றர். ஒஸ்லோவில் ரி-பான என்கிற நகர ரயிலில் ஏறி உட்கார்ந்தாலே இதைவிட உயரத்துக்குப் போகலாம்.

இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தோம். தூரத்தில் நாய் குரைத்தது. மரங்களுக்கிடையில் எல்க் வந்து நின்றது. குதிரையைவிடப் பெரிது. ஆர்னே துவக்கை மெதுவாக உயர்த்தினார். அந்த நேரம் பார்த்துக் காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசியது. எல்க் தலையைத் தூக்கி மூக்கை விரித்து என்னையே பார்த்தது. (என்னை அவ்வளவு அருவருப்பாக எவரும் பார்த்ததில்லை.) ஒரே பாய்ச்சலில் ஓடையைத் தாண்டிப் பக்கத்துக்காரரின் காட்டுக்குள் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒரு வெடிச்சத்தம் கேட்டது.

ஆர்னே தொப்பியைக் கழற்றினார். மூக்கைச் சீறிவிட்டு என் பக்கம் சாய்ந்து மோந்து பார்த்தார். இனி மறைத்து என்ன? வீடியோ, அரிசி, உள்ளி, தைலம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பதின்மூன்று மாடியா?" என்றார். "ஆறு வாரமும்?"

"ஆம்."

"என்னோடு இங்கே வந்து உட்காரவா?"

தலையாட்டினேன். அவர் சிரிக்கவில்லை. பிளாஸ்கைத் திறந்து முதல் கோப்பியை எனக்கு ஊற்றித் தந்தார். இந்த மனிதரின் வீட்டுக்கா மகளை அனுப்ப மாட்டேன் என்று அடம்பிடித்தேன் என நினைக்க, கண் கலங்கியது.

அந்த இலையுதிர்காலம் முழுவதும் வேறு எல்க் வரவில்லை. கல்யாணத்துக்குப் பக்கத்துக்காரர் தான் சுட்டதில் பாதியை அன்பளிப்பாக அனுப்பினார். அத்தனை விருந்தினருக்கும் முன்னால் ஆர்னே எழுந்து நின்று அவருக்கு நன்றி சொல்ல வேண்டியதாயிற்று. நான் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்த இறைச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறு வருடமும் ஆர்னே என்னை அழைத்தார். ஆனால் தன் பக்கத்தில் இருத்தவில்லை. தைலத்தை நன்றாகப் பூசச் சொல்லி, எல்லை ஓடைக்கரையில் தனியே நிறுத்தினார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அதுதான் என் இடம். ஒரு எல்க்கும் அந்தப் பக்கம் தாண்டுவதில்லை.

"அப்பா வேட்டைக்குப் போகேல்லை, வேலியா நிக்கப் போறார்," என்று தர்ஷினி வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். ஒரு முழ வேலிக்காக யாழ்ப்பாணத்தில் இரண்டு தலைமுறை வழக்காடிக் கோடு ஏறி இறங்கிய குடும்பம் எங்களுடையது. அந்த வம்சத்தில் வேலியாகவே நிற்பவன் நான்தான்.